உச்சிவெயிலில் நகர்ந்த கோடு

நான்காம் அத்தியாயம்

இந்தப் புத்தகத்தின் முதல் மூன்று அத்தியாயங்களையும் யாரோ கிழித்துப் பலகாரம் மடித்திருப்பார்கள். ரயிலில் பக்கத்தில் இருப்பவரிடம் கடன் வாங்கி, இங்கிருந்தே படிக்கத் தொடங்குகிற புண்ணியவான்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கவலை வேண்டாம். அங்கே நடந்தது வேறு வழக்கு. திருடனும் பிடிபட்டுவிட்டான்.

தெரிய வேண்டியது இவ்வளவுதான். துப்பறிகிறவர் பெயர் சென்னியப்பன். சர்வே இலாகாவில் பதினெட்டு வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். ஒரு பெரிய மனிதருக்காக எல்லைக் கல்லை இரண்டு கெஜம் தள்ளிப் போடச் சொன்னார்கள், மாட்டேன் என்று வேலையை உதறிவிட்டு வந்தார். அவரோடு அலைகிறவன் நான், தோமினிக். எனக்குப் பசியும் ஆகாது, பயமும் ஆகாது. இது தெரிந்தும் என்னைக் கூட வைத்திருக்கிறார் என்றால், அவரை மகா புத்திசாலி என்று சொல்கிறவர்கள் இன்னொரு தரம் யோசிக்கட்டும்.

ஈசுவர வருஷம், தை மாதத்துச் சனிக்கிழமை. காலை பதினோரு மணிக்கு ஆட்டையாம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி அடைத்த இட்டேரியில் அரை மைல் நடந்தால், வேலிக்கு நடுவே ஒரு பெரிய திறப்பு. அதில் ஒரு பலகை. 'ஆட்டையாம்பட்டி வாலிபர் புட்பால் கிளப். சொந்த மைதானம்.' 'சொந்த' என்ற வார்த்தையை மட்டும் சிவப்பில் எழுதியிருந்தார்கள்.

பலகைக்குப் பக்கத்திலேயே, வேலிக்கு வெளியே, இரண்டு ஏர் மாடு கட்டிக் கிடந்தது. கலப்பையும் நுகத்தடியும் தயாராக இருந்தன.

"பந்து விளையாட மாடும் வருதுங்களா?" என்று கேட்டேன்.

"அது கந்தப்பனோட ஏருங்க" என்றார் எங்களை எதிர்கொண்டு வந்த காளியப்பன். அவர்தான் கிளப்பின் கேப்டன், எங்களை வரவழைத்தவர். தறி நெய்கிற கை, பந்து உதைக்கிற கால், நாலு ராத்திரித் தூக்கமில்லாத கண். "நாளைக்குப் பந்தயம் நடக்கலைன்னா திங்கக்கெழமை வெடியால இந்தக் காட்டை உழுது கடலை போட்டுருவாராம். மாட்டை இப்பவே கொண்டாந்து கட்டிட்டாருங்க. எங்க கண்ணுல படோணுமின்னே."

"மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் சென்னியப்பன்.

காளியப்பன் சொன்னார். ஆறு வருஷமாக ஆடுகிறார்கள். கூலி வாங்கி ஆடுகிற டீம். ஈரோட்டிலும் திருச்சியிலும் கூப்பிட்டுச் சோறு போட்டு ஆடச் சொல்கிறார்கள். ஆனால் உள்ளூரில் கால் வைக்க இடமில்லை.

"மொதல்ல சந்தைப்பேட்டையில ஆடுனோமுங்க. மாடு கட்ட எடமில்லைன்னு தொரத்துனாங்க. அப்பறம் பள்ளிக்கூடம். பந்து பட்டு ரெண்டு ஓடு ஒடஞ்சுது, கேட்டைப் பூட்டிட்டாங்க. அப்பறம் காஞ்ச ஏரிக்குள்ள ஆடுனோம். மழை பேஞ்சு ஏரி ரொம்பிப் போச்சு."

"மழை மேல கேஸ் போட வேண்டியதுதானே?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"சொந்த எடமில்லாத டீமு, ஊடில்லாத மாப்பிள்ளை மாதிரிங்க. எவன் பொண்ணு குடுப்பான்? ரெண்டு வருஷத்துக்கு முன்னால பெரிய பண்ணையக்காரர் கருப்பண்ணன், புண்ணியவான், இந்தக் காட்டை எங்களுக்குத் தானமா எழுதிக் குடுத்தாரு. ஒரே ஒரு நிபந்தனை. வருஷா வருஷம் தை மாசம் மூணாம் ஞாயித்துக்கெழமை வெளியூர் டீமோட இங்க ஒரு பந்தயம் நடக்கோணும். ஒரு வருஷம் தவறினாலும் காடு வாரிசுக்குப் போயிரும். அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. வாரிசு அவரோட தம்பி மகன், கந்தப்பன்."

"மூணாம் ஞாயிறு நாளைக்கு."

"ஆமாங்க. திருச்செங்கோட்டு டீமு வரோணும். ஆனா இன்னைக்குச் சாயங்காலம் ஒரு ஆளை சைக்கிள்ல அனுப்பறாங்க. இன்னைக்கும் கோடு நகந்திருந்தா வரமாட்டாங்களாம். முனி ஆடற எடத்துல நாங்க ஆட மாட்டோமின்னு சொல்லிப் போட்டாங்க."

கோடு நகர்கிற சங்கதி இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புத்தகத்தில் உள்ளபடி அளந்து, மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். மறுநாள் நாலு மணிக்குப் பழக வந்து பார்த்தால், தெற்குக் கோல் கோடு இருந்த இடத்தில் இல்லை. பன்னிரண்டு அடி வடக்கே தள்ளிக் கிடந்தது. அதை அழித்துப் பழைய இடத்திலேயே போட்டார்கள். மறுநாளும் பன்னிரண்டு அடி. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள், ஒரு நாள் தவறவில்லை.

"எங்களுக்குள்ள எவனாச்சும் பண்றானோன்னு நெனைச்சோமுங்க. ஆனா வியாழக்கெழமை டீமே இங்க இல்ல. எங்க பழைய கோல்கீப்பர் சவரிராயன் போன வருஷம் பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால சொரத்துல போயிட்டான். அவனுக்கு வருஷப் பூசை. அத்தனை பேரும் சேலத்துக் கோயிலுக்குப் போயிருந்தோம். பொழுதோட வந்து பாத்தா, கோடு நகந்து கெடக்குது."

"கந்தப்பன்?"

"அவரும் அன்னைக்குச் சேலம் கோர்ட்டுல. போறப்பவும் வாரப்பவும் அதே பஸ்ஸுதானுங்க. அவரு ஆளுங்க பண்ணுனாங்களோ என்னமோ. ஆனா ஒண்ணுங்க." காளியப்பனின் குரல் தணிந்தது. "வியாழக்கெழமை கோட்டுக்கு நடுவுல ஒரு குழியும் இருந்துச்சு. குதிகால்ல நோண்டுன குழி. கோல்ல நிக்கறப்ப நடு மத்தி தெரியறதுக்காகச் சவரிராயன் அப்பிடித்தான் நோண்டி வெப்பான். வேற எவனுக்கும் அந்தப் பழக்கமில்ல. ஊர்ல முனிங்கறாங்க. எங்க பசங்க அவன்தாங்கறாங்க."

நான் வெயிலுக்குள் இன்னும் ஓரடி தள்ளி நின்றுகொண்டேன். சென்னியப்பன் ஒரு சிட்டிகை பொடியை உறிஞ்சினார்.

"காவல் போட்டீங்களா?"

"செவ்வாய்க்கெழமையில இருந்து பதினாலு பேரு, ராத்திரி முச்சூடும் பந்தத்தோட. ஒரு குருவி வரலைங்க."

"பகல்ல?"

"பகல்ல எதுக்குங்க காவல்?"

"இப்ப மணி பதினொண்ணரை. ராத்திரி முச்சூடும் காத்தீங்க. கோடு இப்ப எங்க இருக்குது?"

காளியப்பன் திரும்பிப் பார்த்தார். தெற்குக் கோடு அவர்கள் போட்ட இடத்திலேயே அலுங்காமல் கிடந்தது.

"அட, ஆமாங்க."

"நீங்க தெனமும் நாலு மணிக்குத்தான வந்து பாக்கறீங்க? அப்ப ராத்திரி நகந்ததுன்னு யாரு சொன்னது? உருமத்துல யாரு இங்க இருக்கறது?"

உருமம் என்றால் அந்தப் பக்கத்தில் உச்சிவெயில் நேரம். காளியப்பன் முகம் மாறியது. தெற்கு மூலையில் தனியாக நின்ற வெள்ளவேல மரத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். "உருமத்துல இந்தப் பக்கம் எவனுங்க வருவான்? அந்த மரத்துல முனி இருக்குது. உச்சிக்கு எறங்கி நடக்கும். ஆடு மேய்க்கறவன்கூட ஓட்டிக்கிட்டுப் போயிருவான்."

"பேஷ்" என்றேன். "பேய்க்குப் பயந்து ராத்திரி காவல் போட்டீங்க. முனிக்குப் பயந்து பகல்ல காவலை எடுத்துட்டீங்க. நடுவுல வந்தவன் சாவகாசமா வேலையை முடிச்சுட்டுப் போயிருக்கான்."

"தோமினிக்" என்றார் சென்னியப்பன். "பேசறதை நிறுத்திட்டுச் சங்கிலியை எடு."

அந்த நேரம் பார்த்துக் குடையோடு வந்து சேர்ந்தார் கந்தப்பன். ஒல்லியான மனிதர், வாயெல்லாம் வெற்றிலை. "அளக்கறவங்களா? ரொம்ப நல்லதுங்க. அப்பிடியே எத்தனை சால் ஓட்டலாமின்னும் அளந்து சொல்லிப் போட்டுப் போங்க. எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றார். சொல்லிவிட்டுத் தன் மாட்டைத் தட்டிக் கொடுத்தார். எனக்கு அந்த ஆளைக் கண்டதுமே பிடிக்கவில்லை. குற்றவாளி கிடைத்துவிட்டான், மத்தியானச் சோற்றுக்குச் சேலம் போய்விடலாம் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

அவர் போனதும் அளந்தோம். வடக்குக் கோட்டிலிருந்து தெற்குக் கோட்டுக்குச் சரியாக ஐந்து சங்கிலி. நூற்றுப்பத்து கெஜம். வடக்கே கிணற்று மேடு தடுப்பதால், நீளம் வேண்டுமென்றால் தெற்கேதான் தள்ள வேண்டும்.

"சவரிராயன் இருந்தப்ப யாரு கோடு போட்டது?"

"அவனேதானுங்க. அவன் இதைவிடக் கொறைச்சுத்தான் போடுவான். புதுசா வாங்குன ரூல் புத்தகத்தைப் பாத்து நாங்கதான் இந்த வருஷம் நீட்டுனோம். இன்னைக்குப் பொழுதோட தேக்குக் கம்பத்தைக் குழி தோண்டி நட்டுருவோம். கரையானுக்குப் பயந்து மொத நாள்தான் நடறது." காளியப்பன் யோசித்தார். "அவன் ஒரு வெசித்திரமான ஆளுங்க. பண்ணையக்காரர் ஏரிக்கரையில நல்ல சமமான காட்டைத் தாரேன்னாரு. இவன் ஒத்தக் கால்ல நின்னு, வேண்டவே வேண்டாம், இந்தக் கல்லாங்காட்டையே கேளுங்கன்னான். டாசு ஜெயிச்சாலும் மொதல்ல தெக்குக் கோல்தான் வேணுமும்பான்."

சென்னியப்பன் காளியப்பனைச் சாப்பிடப் போகச் சொன்னார். பிறகு தெற்குப் பக்கம் குனிந்துகொண்டே நடந்தார். ஐந்து நாளும் போட்டு அழித்த கோட்டின் வெள்ளை, பன்னிரண்டு அடிக்கு வடக்கே மண்ணில் மங்கலாகத் தெரிந்தது. நடுவில் அந்தக் குதிகால் குழியும் இருந்தது. நான் அதைச் சுற்றிக்கொண்டு போனேன்.

"கந்தப்பன் ஆளுங்கதானே?" என்றேன்.

"பந்தயம் நிக்கோணுமின்னு நெனைக்கறவன் என்ன பண்ணுவான்?"

"கோட்டை அழிப்பான். முள்ளு வெட்டிப் போடுவான்."

"இது அழிச்சுட்டுப் போகலியே. கோல் கோடு, அதுக்கு முன்னால ஆறு கெஜப் பெட்டி, பதினெட்டு கெஜப் பெட்டி எல்லாத்தையும் ஒண்ணுக்கொண்ணு கச்சிதமா மறுபடி போட்டிருக்குது. கிளப்புக்காரன் போட்ட கோடு பாம்பு மாதிரி நெளியுது. இது நூல் பிடிச்ச மாதிரி இருக்குது. இந்தப் பேய்க்குப் பந்தயம் நடக்கோணும் தோமினிக். பன்னெண்டு அடி தள்ளி நடக்கோணும், அவ்வளவுதான்."

பிறகு கிளப்புக்காரர்கள் போட்ட கோட்டின் மேற்குப் பக்கம் போய் நின்றார். வலது கம்பம் நடுவதற்காக ஒரு முளை அடித்திருந்தது. அதன் பக்கத்தில் தரையைக் காட்டினார். இரண்டு வட்டமான பள்ளங்கள், உள்ளங்கை அகலம். அவற்றுக்குப் பின்னால் கால் விரல் ஊன்றிய தடம்.

"இது என்ன?"

"பேய்க்குக் கால் கெடையாதும்பாங்க" என்றேன். "முழங்கால் மட்டும் இருக்கும்போல."

அவர் என்னையே பார்த்தார். "உனக்கே தெரியலையா?" என்றார். எனக்குப் புரியவில்லை. வேலிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம்.

தை மாதமானாலும் அந்தக் காட்டில் உச்சிவெயில் உச்சிவெயில்தான். நிழல் காலடிக்குள் ஒளிந்துகொண்டது. ஒரு காக்கை கத்தவில்லை. மாடுகள்கூட அசை போடுவதை நிறுத்திவிட்டு நின்றன. தெற்கே தரையிலிருந்து கானல் எழுந்து, வெள்ளவேல மரம் வேரை விட்டுக் கிளம்பியது போல ஆடியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் ஆடியது.

வெள்ளையாக இருந்தது. தலையிலிருந்து கால் வரை வெள்ளை, முகமும் வெள்ளை. தோளில் மம்பட்டி.

"ஐயோ" என்று எழுந்தவனைச் சென்னியப்பன் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தார். என் வேட்டி, அதுவும் நல்ல வேட்டி.

அது நேராக வலது கம்பத்து முளைக்கு வந்தது. மம்பட்டியைக் கீழே வைத்தது. மடியிலிருந்து ஒரு புதுத் துணியை எடுத்து மண்ணில் விரித்தது. கிழக்கே எங்கோ மாதா கோயிலில் உச்சி மணி அடித்தது. மூன்று, மூன்று, மூன்று. அது அந்த இரண்டு பள்ளத்திலேயே முழந்தாளிட்டு, கை குவித்தது.

என் கை தானாக நெற்றிக்குப் போனது. நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள். எட்டு வருஷமாக நான் கோயில் வாசலை மிதிக்கவில்லை. மூவேளை செபமும் மறந்துவிட்டது. ஆனால் மணியைக் கேட்ட கைக்கு மறக்கவில்லை. மத்தியான மணிக்குக் காட்டு வேலையை நிறுத்தி முழங்கால் போடுகிற வீட்டில் பிறந்தவன் நான். அந்தத் தடத்தை நான் கண்டுபிடித்திருக்க வேண்டாமா? வெட்கமாக இருந்தது.

மணி ஓய்ந்ததும் நான்தான் முதலில் வேலியைத் தாண்டினேன். "அக்கா" என்று கூப்பிட்டேன்.

அவள் ஓடவில்லை. மம்பட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்து வெளுத்த முகம், விரல் வெடிப்பிலெல்லாம் சுண்ணாம்பு.

"சவரிராயன் சம்சாரம்தானே, அம்மிணி?" என்றார் சென்னியப்பன்.

"செல்வமேரிங்க சாமி."

"கீழ யாரு இருக்கறது?"

அவள், ரொம்ப நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போலப் பேசினாள்.

"என்ர புள்ளைங்க. மூச்சில்லாமயே பொறந்துச்சு. ஞானஸ்நானம் குடுக்கறதுக்கு உசுரு வேணுமாமுங்க. அது இல்லாததுக்குக் கல்லறையில எடமில்லைன்னுட்டாங்க. அவருதான் துண்டுல சுத்தி இங்க கொண்டாந்தாரு. நாலு வருஷம் ஆச்சு. அப்ப இது வெறும் கல்லாங்காடு. பொறவு பண்ணையக்காரர் இதையும் உழுது வெள்ளாமை வெக்கப் போறாருன்னு பேச்சு வந்துச்சு. அவருக்குச் சோறு எறங்கலை, தூக்கமில்லை. அப்பத்தான் கிளப்புல போயி, மைதானத்துக்கு இந்தக் காட்டையே கேளுங்கன்னாரு. மைதானத்துல ஏரு ஓடாதில்லீங்களா?"

அந்தப் பள்ளங்களை மிதிக்காமல் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"கோட்டைப் பன்னெண்டு அடி வுட்டுட்டுத்தான் போடுவாரு. அதுக்கு முன்னால அவரே போயி நின்னுக்குவாரு. இந்த வருஷம் நேரா அது மேலயே முளை அடிச்சுட்டாங்க. எனக்கும் அவருதான் கோடு போடப் பழக்கி வுட்டாரு. அதான் நகத்தி நகத்திப் போட்டேன்."

"காளியப்பன்கிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன்.

"பொணம் பொதைச்ச எடத்துல ஆடுவாங்களா தம்பி? ஆடலைன்னா காடு கந்தப்பன் கைக்குப் போயிரும், ஏரு வந்துரும். சொன்னா ஏரு, சொல்லாட்டிக் கடப்பாரை. நான் கோட்டை நகத்துனா நம்மாளுங்க அவரு நெனப்பு வந்து அங்கயே போடுவாங்கன்னு பாத்தேன். முனின்னு பயந்து வெளியூர்க்காரங்க வரமாட்டேங்கறாங்கன்னு நேத்துப் பொழுதோடதானுங்க தெரிஞ்சுது. நானே கெடுத்துப் போட்டேன்."

"அதுக்காக இன்னைக்கு மம்பட்டி."

"எடுத்துக்கிட்டுப் போயரலாமின்னு வந்தேனுங்க. பந்தயம் நடக்கட்டும். அவரு வாங்கிக் குடுத்த மைதானம் நெலைக்கட்டும்."

"எங்க கொண்டு போவே?"

"தெரியலீங்க சாமி" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

சென்னியப்பன் மம்பட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். விரித்த துணியை மடித்து அவளிடமே கொடுத்தார். "ஊட்டுக்குப் போ அம்மிணி. நாலு மணிக்கு ஊரோட ஊரா வந்து நின்னு பாரு" என்றார்.

அவள் போன பிறகு நான் அவர் பின்னாலேயே நடந்தேன். "என்ன சொல்லப் போறீங்க? உண்மையைச் சொன்னா கிளப்பு போச்சு. சொல்லாட்டி நாலு மணிக்கு அந்த முளையில கடப்பாரை எறங்கும்."

"பசிக்குதா?" என்றார்.

"இல்லை" என்றேன். என் வாழ்நாளில் உச்சிப்பொழுதில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நாலு மணிக்கு டீம் வந்தது. தேக்குக் கம்பங்கள் வந்தன. கடப்பாரை வந்தது. திருச்செங்கோட்டு ஆள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பலகைக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே கால் வைக்க அவருக்கு உத்தரவில்லை போலும். கந்தப்பன் குடையோடு வந்தார். பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில் வெள்ளைச் சேலை தெரிந்தது.

கோடு நகரவில்லை. காளியப்பன் அதைச் சைக்கிள்காரருக்குக் காட்டினார். அவர் மூன்று தரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"குழியைத் தோண்டலாமுங்களா?" காளியப்பன் கடப்பாரையை முளைக்கு மேல் தூக்கினார்.

"இருங்க" என்றார் சென்னியப்பன். "தோமினிக், சங்கிலி."

எல்லோர் முன்னாலும் வடக்கிலிருந்து அளந்துகொண்டு வந்தார். நாலு சங்கிலி முடிந்து ஐந்தாவது சங்கிலியில், தெற்குக் கோட்டுக்குப் பன்னிரண்டு அடி முன்னால் நின்று, தன் கையாலேயே ஒரு முளை அடித்தார். "கம்பம் இங்க."

கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. கந்தப்பன் குடையை மடக்கினார். "ஏனுங்க, முனி நகத்துன எடத்துக்கே நீங்களும் நகத்தறீங்க? அளவு கொறைஞ்சா அது பந்தயமே இல்லீங்களே. கோர்ட்டுல நிக்குமா?"

"ரூல் புத்தகத்துல நூறு கெஜத்துக்குக் கொறையக் கூடாதுன்னுதான் போட்டிருக்குது. இது நூத்தி ஆறு. தானப் பத்திரத்துல பந்தயம் நடக்கோணுமின்னு இருக்குது, எத்தனை கெஜத்துலன்னு இல்ல. படிச்சுப் பாத்துட்டேன்." பொடியை உறிஞ்சினார். "அந்தப் பழைய முளைக்கு அடியில மண்ணு சரியில்ல. கம்பம் நிக்காது. பதினெட்டு வருஷம் மண்ணை அளந்தவன் சொல்றேன். கோர்ட்டுக்கு நீங்க போனா நானும் வாரேன்."

கந்தப்பன் அவர் முகத்தையே பார்த்தார். எல்லைக் கல்லைத் தள்ளிப் போட மாட்டேன் என்று வேலையை விட்ட மனிதர் என்ற பேர் அந்த ஜில்லா முழுக்கத் தெரியும். அந்தப் பேருக்கு எதிராகக் கோர்ட்டில் நிற்க யாருக்கும் துணிச்சல் வராது. எனக்கு மட்டும் ஒன்று தெரியும். அன்றைக்கு ரெண்டு கெஜம் தள்ள மறுத்தவர், இன்றைக்கு நாலு கெஜம் தள்ளியிருக்கிறார்.

காளியப்பன் கிட்டே வந்து மெல்லக் கேட்டார். "ஐயா, கோட்டை நகத்தினது யாருங்க?"

"உங்க பழைய கோல்கீப்பர்தான்" என்றார் சென்னியப்பன். "அவன் போட்ட அளவுதான் சரி."

காளியப்பன் கடப்பாரையைக் கொண்டுபோய்ப் புது முளையில் இறக்கினார். வெள்ளைச் சேலைக்காரி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் தாங்கவில்லை என்று பக்கத்துப் பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் நடந்தது. தட்டி கட்டி, டிக்கெட் போட்டு, இரண்டாயிரம் பேர். திருச்செங்கோட்டுக்காரர்கள் ஒரு கோல் போட்டு ஜெயித்தார்கள். அது வடக்குக் கோலில். இரண்டு பாதியிலும் தெற்குக் கோலுக்குள் ஒரு பந்தும் நுழையவில்லை. தோற்ற டீமைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஆடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கந்தப்பன் ஏரைப் பூட்டாமலேயே ஓட்டிக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்த பிறகு செல்வமேரி எங்களைப் பார்க்க வந்தாள். சென்னியப்பனுக்குக் கும்பிடு போட்டாள். மனசு லேசாகிவிட்டால் என் வாய் சும்மா இருக்காது.

"எல்லாம் சரி அக்கா. கோட்டை நகத்துனது நியாயம். ஆனா அந்தக் குதிகால் குழி கொஞ்சம் எச்சு. நான் பயந்தே போயிட்டேன்."

"என்ன குழிங்க தம்பி?"

"கோட்டுக்கு நடுவுல. உங்க ஊட்டுக்காரரு நோண்டுற மாதிரி. வியாழக்கெழமை போட்டீங்களே."

"வியாழக்கெழமையா?" அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "அன்னைக்கு அவரு வருஷப் பூசைங்க. நான் வெடிய வண்டிக்கே சேலம் போயிட்டேன். ராத்திரிதான் வந்தேன். திங்கள், செவ்வாய், புதன், வெள்ளி. நாலு நாள்தானுங்க நான் கோடு போட்டது."

சென்னியப்பனின் விரலிடுக்கில் பொடி அப்படியே நின்றது. அவர் கேட்க மறந்த கேள்வி அது ஒன்றுதான். மூன்று பேரும் தெற்குக் கோலைப் பார்த்தோம். ஆளில்லாத கம்பங்களுக்கு நடுவே, புதுச் சுண்ணாம்புக் கோட்டின் நடு மத்தியில், இருபத்திரண்டு பேர் ஆடி முடித்த அந்தத் தரையில், குதிகால் குழி மட்டும் கலையாமல் இருந்தது. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடினால் போதும் என்று இருந்தது.

செல்வமேரி பயப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபித்துக்கொள்கிறவள் போல அந்தக் குழியைப் பார்த்துச் சொன்னாள்.

"அத்தனை தூரம் வந்தவரு, ஊட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போயிருக்கலாமில்லீங்க?"